கொப்பியைப் பூட்டி வைக்க முதல்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில நடுப்பக்கத்தில ஒரு படம் வந்திருந்தது. குத்துவிளக்கு, மாலை, முன்வரிசையில ஏழெட்டுப் பேர், பின்னால பெரிய திரையில ஒரு புது ஆப், இஞ்ச ஒரு நிறுவனம் தங்கட வேலையை இனி முழுக்க முழுக்க கொம்பியூட்டரிலதான் செய்யப்போகுது எண்டு கீழ எழுதியிருந்தது. வாசிக்கச் சந்தோசமாத்தான் இருந்தது, எங்கட பெடியள் பெட்டையள் எழுதின சொஃப்ட்வெயார் எங்கட ஊரிலயே ஓடுது எண்டா அதைவிட எனக்கு வேற என்ன வேணும், நானும் பதினொரு வருசமா அதே வேலைதான் செய்யிறன். ஆனா அந்தச் செய்தியின்ர கடைசி வரியில, இண்டையில இருந்து பழைய பதிவேடுகள் பாவிக்கப்படாது எண்டு கிடந்தது. அதை வாசிச்ச உடன எனக்கு நெஞ்சு திக்கெண்டது, ஏனெண்டா அதே வரியை நாங்களும் ஒருக்கா மேடையில சொல்லிப்போட்டு பேந்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைத்தான் எழுதுறன். கொஞ்சம் நீளமா வரும், வெட்டாமல் போட்டியள் எண்டா பெரிய உதவி.

போன வருசம் யாழ்ப்பாணத்தில வலிகாமத்துப் பக்கம் ஒரு பால் சேகரிக்கிற சங்கத்துக்கு நாங்கள் ஒரு சொஃப்ட்வெயார் செய்து குடுத்தனாங்கள். பேர் வேண்டாம், அவையில பிழை இல்லை, பிழை எங்களில. அவைக்கு ரெண்டு சேகரிப்பு நிலையம், விடிய ஐஞ்சரைக்குத் திறந்து ஏழரைக்குள்ள அளந்து முடிச்சு கேனுகளை லொறியில ஏத்திப்போடோணும், வெயில் ஏறினா பால் திரைஞ்சுபோம். அதுவரைக்கும் எல்லாம் கொப்பியிலதான், ஆர் எவ்வளவு கொண்டந்தவை எண்டு ஒரு நீளக் கொப்பியில எழுதி பதினைஞ்சு நாளைக்கு ஒருக்காக் கூட்டிக் காசு குடுக்கிறது, கூட்டிறதுக்கே ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் போகும். அந்த ரெண்டு நாளை மிச்சம் பிடிச்சுத் தாறம் எண்டுதான் நாங்கள் போனது.

திறப்பு நாளை நாங்கள் குறிக்கேல்ல, அது தன்ர பாட்டில குறிபட்டுப் போச்சு. பட்டிப்பொங்கல் அண்டைக்கு வைச்சா பொருத்தமா இருக்கும் எண்டு தலைவர் ஐயா சொன்னவர், மாட்டுக்குப் பொங்கிற நாளில பால்காரருக்கு புதுசா ஒண்டு, ஆருக்கு வேண்டாம் எண்டு சொல்ல மனம் வரும். அழைப்பிதழ் அடிச்சாச்சு, விருந்தினருக்கும் சொல்லியாச்சு. எங்கட ஒபிஸில வெள்ளைப் பலகையில 43 வேலை எழுதிக் கிடந்தது, பொங்கலுக்கு முதல் நாள் பாத்தா 38 முடிஞ்சுது, ஐஞ்சுதானே மிச்சம், எண்பத்தெட்டு வீதம் றெடி எண்டு எங்களுக்குள்ள கணக்குப் பாத்து சந்தோசப்பட்டனாங்கள்.

அந்த ஐஞ்சும் என்னென்ன எண்டு சொல்லுறன் கேளுங்கோ. பால் ஊத்தினவைக்கு அளவு போட்டுக் குடுக்கிற துண்டைத் தமிழில அடிக்கிறது. கரண்ட் நிண்டா என்ன நடக்கும் எண்டு பாக்கிறது. கணக்கு அழிஞ்சா எண்டு பிரதி எடுத்து வைச்ச பக்கப்பை திருப்பிப் போட்டுப் பாக்கிறது. பிழையா அடிச்சதைத் திருத்தினாலும் பழைய இலக்கமும் அழியாம நிக்கிற மாதிரிச் செய்யிறது. விடியக் காலமை போனுக்கு ஆர் நிக்கிறது எண்டு முடிவெடுக்கிறது. சரி, முடிஞ்ச 38 இல என்ன இருந்தது? மாத அறிக்கை மூண்டு விதம், கிறாஃப், நிறம் மாத்திற வசதி, தலைவர் தன்ர போனில இருந்து பாக்கிற ஆப். மேடையில காட்டக்கூடியது எல்லாம் முடிஞ்சு, மேடையில காட்டேலாதது எல்லாம் மிஞ்சிப் போச்சு. இதை அப்ப ஒருத்தரும் கவனிக்கேல்ல, நானும் கவனிக்கேல்ல. ஐஞ்சு எண்ட எண்ணிக்கையைப் பாத்தனாங்களே தவிர அது என்ன ஐஞ்சு எண்டு பாக்கேல்ல.

விழா வடிவா நடந்தது. கடைசியா, பழைய கொப்பிக்கு ஒரு மாலை போட்டு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினவை, எல்லாரும் கை தட்டினவை.

அடுத்த நாள் விடிய முதல் பிரச்சினை வந்தது, அது எங்கட 43 இலயே இல்லாத ஒண்டு. ஒரு நிலையத்தில ரெண்டு அளவை பாவிக்கிறவை, கொண்டாற பாத்திரத்தைப் பொறுத்து சிலபேரின்ர பாலை லீற்றரில அளப்பினம், சிலபேரின்ரயைப் பழைய பழக்கத்தில போத்தலில அளப்பினம், போத்தல் எண்டா 750 மில்லிலீற்றர், இது யாழ்ப்பாணத்தில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொப்பியில இலக்கத்துக்குப் பக்கத்தில 'போ' எண்டு ஒரு எழுத்துப் போட்டிருந்தா போத்தல், போடாட்டி லீற்றர். எங்கட திரையில அந்தப் 'போ' போட இடமே இல்லை. நாங்கள் சங்கத்தின்ர ஒபிஸுக்கு எட்டுத்தரம் போனனாங்கள், எட்டுத்தரமும் பத்து மணிக்குப் பிறகு, தேத்தண்ணி குடிச்சு முகாமையாளரோட கதைச்சிட்டு வந்தனாங்கள், விடிய ஐஞ்சரைக்கு அந்த அளக்கிற மேசைக்குப் பக்கத்தில ஒருநாளும் போய் நிக்கேல்ல. நிண்டிருந்தா முதல் அஞ்சு நிமிசத்திலயே கண்டிருப்பம்.

அளக்கிற தங்கச்சி என்ன செய்வா பாவம், வரிசை நிக்குது, மூண்டு போத்தலுக்கு 3 எண்டு அடிச்சா, சிஸ்ரம் அதை மூண்டு லீற்றர் எண்டு எடுத்துது, உண்மையில ரெண்டேகால் லீற்றர். மூண்டு நாளைக்குப் பிறகுதான் லொறியில போன பாலும் கொம்பியூட்டரில இருந்த பாலும் ஒத்து வரேல்ல எண்டு தெரிய வந்தது. அண்டிரவே நாங்கள் திருத்தினனாங்கள். என்னெண்டு திருத்தினது? அந்த நிலையத்தின்ர மூண்டு நாள் பதிவு எல்லாத்தையும் ஒரே அடியா முக்காலாக்கிப்போட்டம். லீற்றரில சரியா அளந்து ஊத்தின ஆக்களின்ரயும் சேத்து. நாலு லீற்றர் குடுத்த ஆளுக்கு மூண்டு எண்டு வந்திட்டுது, பழைய இலக்கம் அழிஞ்சு போச்சு, ஏனெண்டா அதை அழியாம வைக்கிற வேலைதான் அந்த ஐஞ்சில ஒண்டாச்சே.

பதினைஞ்சாம் நாள் காசு குடுக்கேக்க ஒரு ஆச்சி துண்டை நீட்டிக்கொண்டு வந்தா. "தம்பி, கேன் நிறைய நாலு லீற்றர் ஊத்தினனான், உங்கட துண்டில மூண்டு எண்டு கிடக்கு, மிச்சம் எங்க போனது?" எண்டு கேட்டா. அங்க நிண்ட ஒரு பெடியன், எங்கட கொம்பனிப் பெடியன்தான், "அம்மா, கொம்பியூட்டர் பிழை விடாது, நீங்கள்தான் மறந்திருப்பியள்" எண்டு சொல்லிப்போட்டான். அந்த மனுசி ஒண்டும் பேசாம துண்டை மடிச்சு இடுப்பில செருகிக்கொண்டு போட்டா. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல. புண்ணாக்கு விக்கிற விலையில ஒரு லீற்றர் பாலுக்கு அவ படுகிற பாடு எவ்வளவு, அவவின்ர வாயால சொன்னதை விட நாங்கள் அரைகுறையா எழுதின புறோகிறாமைத்தான் நம்பினனாங்கள்.

இதை ஒரு சின்ன விசயம் எண்டு நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில தபால் கந்தோர் நடத்தின ஆக்களுக்கு நடந்ததை வாசிச்சிருப்பியள். 1999 இல இருந்து ஹொறைசன் எண்டு ஒரு கணக்குச் சிஸ்ரத்தை அங்க போட்டவை, அதில பிழை இருந்தது, கணக்கில காசு குறையிற மாதிரிக் காட்டினது, கந்தோர் நடத்தினவை நாங்கள் எடுக்கேல்ல எண்டு அழுது குழறியும் கொம்பியூட்டர் சொல்லுறதுதான் சரி எண்டு வழக்குப் போட்டு 900 பேருக்கு மேல குற்றவாளி ஆக்கினவை, மறியலுக்குப் போனவை இருக்கினம், வீடு வாசல் இழந்தவை இருக்கினம். 2024 இலதான் பாராளுமன்றத்தில தனியா ஒரு சட்டம் கொண்டந்து மிச்சமாக் கிடந்த தீர்ப்புகளை இல்லாமச் செய்தவை. அங்கயும் தொடக்கம் இதேதான், மெசின் சொன்னா சரி, மனுசர் சொன்னாப் பிழை எண்ட நினைப்பு. ஒரு சிஸ்ரத்தைத் திறக்க முதல், 'இது பிழை' எண்டு ஒருத்தர் வந்து சொன்னா அதை ஆர் கேக்கிறது, எந்தக் கொப்பியை வைச்சு ஒத்துப் பாக்கிறது எண்டு முடிவெடுத்து வைக்காட்டி பால் சங்கமா இருந்தா என்ன பெரிய தபால் திணைக்களமா இருந்தா என்ன நடக்கிறது ஒண்டுதான்.

எங்களைக் காப்பாத்தினது ஒரு சின்னக் கொப்பி. முதலாவது நிலையத்தில கனகாலம் எழுதுவினைஞரா இருந்த ஒரு அண்ணை, ஒருத்தரும் சொல்லாம தன்ர பழக்கத்தில ஒவ்வொரு நாளும் தன்ர பொக்கற் கொப்பியில எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், 'போ' வோட. அந்த நிலையத்துக் கணக்கை ஒரே பின்னேரத்தில சரிப்படுத்தினம். மற்ற நிலையத்திலயும் நாங்கள் ஒரு பிழை விட்டிருந்தம், ஒரே பேரில இருந்த ஆக்களின்ர பாலை மாறி மாறிப் பதிஞ்சது, அங்க அப்பிடி ஒரு கொப்பியும் இல்லை, முந்தின பதினைஞ்சு நாள் கணக்கைப் பாத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டு, சந்தேகமா இருந்த இடத்தில கூடின தொகையைக் குடுத்தது, அந்த வித்தியாசக் காசை எங்கட கொம்பனி குடுத்தது. அப்பிடியும் பதினொரு பேர் வேற இடத்துக்கு ஊத்தத் தொடங்கிட்டினம். ரெண்டு பேர்தான் திரும்பி வந்தவை.

அந்த ஒரே பேர் விசயத்தையும் சொல்லத்தான் வேணும். எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை, தேப்பன்ர பேரின்ர முதலெழுத்தும் தன்ர பேரும்தான், ஒரே இனிசல் ஒரே பேர் எண்டு ஒரு ஊரிலயே மூண்டு பேர் இருப்பினம். கொப்பியில அதுக்குப் பக்கத்தில 'சந்தி', 'கிணத்தடி', 'வாத்தியார் வளவு' எண்டு பென்சிலால எழுதி வைச்சிருந்தவை. நாங்கள் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு பென்சில் எழுத்தை விட்டிட்டம். வெளிநாட்டுப் படிவத்தைப் பாத்து முதற்பேர், கடைசிப்பேர் எண்டு ரெண்டு பெட்டி போட்டு வைச்சு அதை நிரப்பச் சொல்லி அந்தத் தங்கச்சியைக் கரைச்சல்படுத்தினதுதான் மிச்சம். அதோட அங்கத்தவர் பட்டியல் பழைய பாமினி எழுத்துருவில கிடந்தது, அதை அப்பிடியே திறந்தா இங்கிலீஸ் எழுத்தும் புள்ளி வாற இடமெல்லாம் அரைப்புள்ளியுமாத்தான் தெரியும், இப்ப எல்லாக் கொம்பியூட்டரும் பாவிக்கிற யூனிக்கோட் எழுத்து முறைக்கு மாத்திறதுக்குக் கருவிகள் இருக்கு, ஆனா மாத்தினாப் பிறகு ஒவ்வொரு பேரையும் ஊர் தெரிஞ்ச ஒரு ஆள் இருந்து வாசிச்சுப் பாக்கோணும். அதை ஆரும் செய்யேல்ல.

தமிழைப் பற்றிச் சொன்னா நிப்பாட்டேலாது எனக்கு. எங்கட ஆக்கள் கன பேர் இங்கிலீஸில எல்லாத்தையும் செய்து முடிச்சிட்டு தமிழைக் கடைசிக் கிழமை போடலாம் எண்டு நினைக்கினம். போடேலாது. யாழ்ப்பாணம் எண்ட சொல்லு எங்களுக்கு ஆறு எழுத்து, கொம்பியூட்டருக்கு அது பதினொரு குறி, யூனிக்கோட்டைச் சேமிக்கிற யூரிஎஃப் எட்டு (UTF-8) முறையில வைச்சா 33 பைற், பைற் எண்டா கொம்பியூட்டரில இடத்தை அளக்கிற அலகு. இங்கிலீஸ் பேரை மனசில வைச்சு 30 பைற்றுக்குப் பெட்டி அடிச்சு வைச்சிருந்தா எங்கட ஊரின்ர பேரே அதுக்குள்ள அடங்காது. எஸ்எம்எஸ் எண்டா இங்கிலீஸில 160 எழுத்து ஒரு மெசேச்சுக்குள்ள போகும், தமிழில 70 தான், அதுவும் விசிறி கொம்பு புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணித்தான், அப்ப ஒரு மெசேச் எண்டு கணக்குப் போட்ட செலவு ரெண்டு மூண்டு மடங்காப் போம். துண்டு அடிக்கிற சின்னப் பிறிண்டருக்குள்ள தமிழ் எழுத்து பொதுவா இருக்காது, அப்பிடியே அனுப்பினா பெட்டி பெட்டியா அல்லது கேள்விக்குறியா வரும், படமா மாத்தித்தான் அனுப்போணும், படமா அனுப்பினா மெதுவாத்தான் அடிக்கும், ஒரு துண்டுக்கு அஞ்சு செக்கன் கூடினாலும் நூறு பேர் நிக்கிற வரிசையில அது எட்டு நிமிசத்துக்கு மேல. நாங்கள் திறப்பு நாளுக்குப் பயந்து துண்டை இங்கிலீஸிலயே அடிச்சுக் குடுத்தனாங்கள். வாங்கினவையில அரைவாசிப் பேர் அதை வாசிக்கேல்ல, வாசிச்சிருந்தா பிழையைப் பதினைஞ்சாம் நாள் இல்லை, அஞ்சாம் நாளே பிடிச்சிருப்பினம். தமிழ் எண்டது அலங்காரம் எண்டு நினைச்சனாங்கள், அது உண்மையில பிழை பிடிக்கிற கண்.

கரண்டைப் பற்றி நான் பெரிசாச் சொல்லத் தேவையில்லை. 2022 இல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த சனம் நாங்கள், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்க ஒரேயடியா நிண்டதும் தெரியும். இன்ரநெற் இல்லாம ஒரு மணித்தியாலமாவது தனிய ஓடி, பேந்து தன்ர பாட்டில சேரத் தெரியாத சொஃப்ட்வெயாரை இந்த நாட்டில விடிய ஐஞ்சரைக்கு ஒரு மேசையில வைக்கப்படாது, அவ்வளவுதான்.

பக்கப் விசயம் வேற. பக்கப் எடுக்கிறம் எண்டு எல்லாரும் சொல்லுவினம், நாங்களும் சொன்னனாங்கள். கிற்லாப் எண்டு உலகம் முழுக்க புறோகிறாமர்மார் பாவிக்கிற ஒரு நிறுவனம், 2017 ஜனவரி 31 இல அவையின்ர ஒரு ஆள் களைச்சுப்போன நேரம் ஒரு சேர்வரில, அதாவது பெரிய கொம்பியூட்டரில, செய்ய நினைச்சதைப் பிழையா மற்றதில செய்து, தரவு எல்லாம் கிடந்த டேற்றாபேசை அழிச்சுப்போட்டார், சரி பக்கப்பில இருந்து எடுப்பம் எண்டு போனா ஐஞ்சு விதமா வைச்சிருந்த பக்கப்பில ஒண்டும் நினைச்ச மாதிரி வேலை செய்யேல்ல, ஆறு மணித்தியாலத்துக்கு முதல் தற்செயலா எடுத்த ஒரு பிரதியில இருந்துதான் திருப்பி எடுத்தவை, இடையில நடந்தது போனது போனதுதான். அவை அதை ஒளிக்காம முழுக்க எழுதி வெளியில விட்டவை, அதுக்கு நான் தலை வணங்குறன், அதை வாசிச்சுப் படிச்ச ஆக்கள் கனபேர். எங்கட நாட்டில 2023 இல அரசாங்க ஈமெயிலில வைரஸ் பூந்து மே 17 இல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்குமான கடிதம் எல்லாம் போச்சுது, அண்ணளவா ஐயாயிரம் கணக்கு, அந்தக் காலத்துக்குப் பக்கப்பே இருக்கேல்ல. அப்ப நான் கேக்கிறது பக்கப் இருக்கோ எண்டு இல்லை. ஒரு வெறுங் கொம்பியூட்டரைக் கொண்டந்து வைச்சு, நேற்றைய கணக்கை இதில கொண்டந்து காட்டுங்கோ எண்டு. எத்தினை மணித்தியாலம் எடுக்குது எண்டு கடிகாரத்தைப் பாத்து எழுதோணும். எங்களுக்கு முதல்தரம் செய்து பாக்க ஒன்பது மணித்தியாலம் எடுத்தது, அதுவும் திறப்பு விழா முடிஞ்சு ஒரு மாசத்துக்குப் பிறகு.

இவ்வளவும் சொல்லிப்போட்டு, எல்லாம் நூறு வீதம் முடிஞ்சாப் பிறகுதான் திறக்கோணும் எண்டு நான் சொல்ல வரேல்ல. அப்பிடிச் சொன்னா ஒரு சொஃப்ட்வெயாரும் ஒரு நாளும் வெளியில வராது, பெட்டிக்குள்ள இருந்தே பழசாப்போம். முடியாததை ரெண்டாப் பிரிக்கோணும் எண்டுதான் சொல்லுறன், பிறகு சேக்கக்கூடியது, பிறகு சேக்கேலாதது. கிறாஃப் அடுத்த மாசம் வந்தா ஆருக்கும் நட்டம் இல்லை. அறிக்கை ஒண்டோட தொடங்கலாம். தலைவரின்ர ஆப் இல்லாட்டி தலைவர் போன் எடுத்துக் கேப்பார். ஆனா அழிஞ்ச இலக்கத்தைப் பிறகு சேக்கேலாது, வேற இடத்துக்குப் பால் ஊத்தப்போன ஆளைப் பிறகு சேக்கேலாது, அந்த ஆச்சிக்குச் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கேலாது. பலகையில 43 எண்டு ஒரே வரிசையா எழுதினதுதான் எங்கட முதல் பிழை எண்டு இப்ப நினைக்கிறன், ரெண்டு பலகை வைச்சிருக்கோணும், ரெண்டாவது பலகையில ஒண்டு மிஞ்சிக் கிடந்தாலும் அழைப்பிதழ் அடிக்கப்படாது.

திகதி முதல், வேலை பிறகு எண்டா பெரிய ஆக்களும் விழத்தான் செய்யினம். அமெரிக்காவில மருத்துவக் காப்புறுதிக்கு ஒரு வெப்சைற், 2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி திறந்தவை, கோடிக்கணக்கில டொலர் செலவு, முதல் நாள் அதால முழுசாப் பதிஞ்சு முடிச்ச ஆக்கள் ஆறு பேர். ஆறே ஆறு. தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் ஒண்டாச் சேத்துப் பரிசோதிச்சது கடைசி ரெண்டு கிழமையிலதான் எண்டு செய்து குடுத்த கொம்பனிக்காரரே பிறகு சாட்சி சொன்னவை. திகதியை மாத்தேலாது, அரசியல். இங்கிலாந்தில ரிஎஸ்பி எண்ட வங்கி 2018 ஏப்ரலில ஐம்பது லட்சம் பேரின்ர கணக்கை ஒரே சனி ஞாயிறில புதுச் சிஸ்ரத்துக்குத் தூக்கினது, பத்தொன்பது லட்சம் பேர் வரைக்கும் தங்கட காசைப் பாக்கேலாம நிண்டவை, 2022 இல அந்த வங்கிக்கு அண்ணளவா நாலு கோடி எண்பத்தாறு லட்சம் பவுண் தண்டம்.

ஒரேயடியாத் தூக்காமலும் செய்யலாம். 2022 ஜூலையில பெற்றோலுக்கு கியூஆர் கொண்டந்ததை யோசிச்சுப் பாருங்கோ. அந்த நேரம் ஷெட் வரிசையில இரவிரவா நிண்ட ஆக்கள் நாங்கள் எல்லாரும். அதை முதல் நாளே நாடு முழுக்கப் போடேல்ல, முதல்ல கொழும்புப் பக்கம் சில ஷெட்டுகளில போட்டுப் பாத்தவை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினவை, அதுவரைக்கும் நம்பர் பிளேற்றின்ர கடைசி இலக்கத்தைப் பாத்து அடிக்கிற முறையும் பக்கத்தில ஓடினது, ஆகஸ்ட் 1 இல இருந்துதான் கியூஆர் மட்டும் எண்டு ஆக்கினவை. அதிலயும் குறை இருந்தது, நான் இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா பழைய முறையை விட்டுப்போட்டு புதுசில தொங்கேல்ல, அதுதான் நான் கவனிச்சது.

மற்றது இந்த அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, போன் நம்பர் எல்லாத்தையும் பெட்டி இருக்குது எண்டதுக்காகக் கேட்டு நிரப்புற பழக்கம். 2022 ஆம் ஆண்டின்ர 9 ஆம் இலக்கச் சட்டம், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு எண்டே வந்தது, தேவையில்லாததை வாங்கப்படாது எண்டு அதில இருக்கு. நாங்கள் பால் அளக்கிறதுக்கு அடையாள அட்டை இலக்கம் எதுக்கு வாங்கினனாங்கள் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல, பிறகு எல்லாத்தையும் அழிச்சனாங்கள்.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு. இப்பிடித் திறப்பு விழாவுக்கு உங்கட நிருபர்மார் போகேக்க, படம் எடுத்தாப் பிறகு ஒரு கேள்வியையும் கேட்டுக்கொண்டு வரட்டும், இது நாளைக்குக் காலமை நிண்டா என்ன செய்வியள் எண்டு. மறுமொழி சொல்லக்கூடிய ஆள் மேடையில இருக்காது, பின்னால வயரோட நிக்கிற பெடியன்தான் சொல்லுவான், அவனைக் கேக்கட்டும். பிறகு மூண்டு மாசம் கழிச்சு ஒருக்காப் போய்ப் பாத்து அதையும் எழுதட்டும், நல்லா ஓடுது எண்டாலும் எழுதட்டும், அந்தச் செய்தியைப் பாத்து இஞ்ச படிக்கிற பிள்ளையள் கனக்கப் பழகும். கம்பஸில கணினி படிக்கிற பிள்ளையள் என்னட்டப் பயிற்சிக்கு வருகுதுகள், நல்ல கெட்டிக்காரப் பிள்ளையள், நான் அந்த வயசில எழுதாத மாதிரி எழுதுதுகள், ஆனா ஒரு சாமானை எப்ப வெளியில விடலாம் எண்டு அதுகளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல, எனக்கும் சொல்லித் தரேல்ல, பால்காரர்தான் எனக்குச் சொல்லித் தந்தவை.

சொஃப்ட்வெயார் வாங்கிற சங்கங்கள், கடைக்காரர், பள்ளிக்கூடங்கள் எல்லாருக்கும் ஒண்டு சொல்லுறன், என்னைப் போல ஆக்கள் வந்து எல்லாம் றெடி எண்டு சொன்னா நம்ப வேண்டாம், உங்களில வேலை செய்யிற ஆள், அந்த மேசையில இருக்கிற தங்கச்சி, அவவைக் கேளுங்கோ. இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லுற உரிமையை அவவுக்குக் குடுங்கோ. எங்கட திறப்பு விழாவுக்கு முதல் நாள் அவ என்னட்ட, அண்ணா இன்னும் ரெண்டு கிழமை பழகினா நல்லது எண்டு சொன்னவா. நான் சிரிச்சுப்போட்டு, பழகப் பழக வரும் பிள்ளை எண்டு சொல்லிட்டு வந்தனான்.

அந்தப் பிரச்சினைக்குப் பிறகு தலைவர் ஐயா எங்களைத் துரத்தேல்ல, அது அவரின்ர பெருந்தன்மை. அலுமாரியைத் திறந்து மாலையைக் கழட்டிக் கொப்பியை வெளியில எடுத்தவை. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பத் தொடங்கினம், முதலாவது நிலையத்தில மட்டும், இருபது பேரோட மட்டும், கொப்பியும் கொம்பியூட்டரும் பக்கத்தில பக்கத்தில, திரையில 'போ' வுக்கு ஒரு பட்டன், பேருக்குப் பக்கத்தில 'கிணத்தடி' எழுத ஒரு இடம், துண்டு தமிழில. முதல் பதினைஞ்சு நாளில பதினாலு இடத்தில கணக்கு இடறினது, ரெண்டாம் தரம் சத விசயத்தில, நாங்கள் சதத்தை வெட்டுறம், அவை காலகாலமா பால்காரர் பக்கம் கூட்டிக் குடுத்து வந்திருக்கினம், அது ஒரு இடத்திலயும் எழுதி இருக்கேல்ல, எழுதுவினைஞர் அண்ணையின்ர கையில இருந்தது. நாலாம் தரம்தான் சதம் பிசகாம ஒத்து வந்தது. அந்த ஆச்சி இப்ப துண்டை வாங்கின உடனேயே அங்க நிண்டு வாசிச்சுப் பாத்திட்டுத்தான் போறவா.

ரெண்டாவது நிலையம் இன்னும் தொடங்கேல்ல. அங்க அளக்கிற பிள்ளை புதுசு, போன மாசம்தான் வேலைக்கு வந்தது, பிறிண்டரும் மாத்தோணும். எப்ப திறக்கிறது எண்டு தலைவர் ஐயா முந்தநாளும் போன் எடுத்தவர், அடுத்த மாசம் நல்ல நாள் ஒண்டு வருகுதாம். கொப்பியும் கொம்பியூட்டரும் அங்க ரெண்டுதரம் ஒத்து வரட்டும் ஐயா, அதுக்குப் பிறகு நாளைப் பாப்பம் எண்டு சொன்னனான். சரி எண்டவர்.

இப்படிக்கு,
சொஃப்ட்வெயார் எழுதுற ஒருவன்,
கொக்குவில்.